மாதவராஜுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

மாதவராஜை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, இவன் ஒருதலையாகப் பேசுகிறான் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒருதலையாகத்தான் பேசப்போகிறேன்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு மோட்டார் ரிப்பேர் கடை இருக்கிறது. கிணற்று மோட்டாரோ போர் மோட்டாரோ, எது நின்றுபோனாலும் அறிவழகனைக் கூப்பிடு என்பார்கள். அந்த அறிவழகன் நான்தான். ஆனால் இது என் கதை இல்லை, குள்ளம்மாளின் கதை. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், ஆள் நல்ல நெட்டை. என் கடைக்கு வந்தால் ஷட்டரில் தலை இடிக்காமல் குனிந்துதான் உள்ளே வருவாள்.

அரூர்ப் பக்கம், தீர்த்தமலை அடிவாரத்தில் பிறந்தவள். கருப்பண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். வந்த புதிதில் தக்காளிக்குக் குச்சி நடவும் பீன்ஸ் கொடியைக் கட்டவும் தெரியாமல் மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். இரண்டே பருவத்தில் அவள் தோட்டத்துத் தக்காளியைப் பார்க்கப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் அவள் கூடையை இறக்கினால் மண்டிக்காரர்கள் அழுகலைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பேசினால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு குணம். பட்டதை மறக்கமாட்டாள். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இவளை வா என்று கேட்கவில்லை. இவள் மொய் எழுதினாள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தச் சொந்தக்காரர் செத்தபோது மட்டும் போனாள். ஒப்பாரி வைத்து அழுதாள். பிறகு அவர்கள் நீட்டிய டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். கருப்பண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எம்பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டா எமன்கூட வாய்தா வாங்கணும்" என்பார். அவர் சாதுவான மனுஷன். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார்.

அவர்கள் நிலம் பாலக்கோடு ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. ரோட்டை ஒட்டி மாதவராஜின் பெட்ரோல் பங்க். பங்குக்குப் பின்னால் அவருடைய கல்யாண மண்டபம். மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பூமி சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் குள்ளம்மாளின் தோட்டம், நடுவில் கிணறு. மழை பெய்தால் பங்க் வாசலில் விழுகிற தண்ணீர் அவர்கள் வரப்பில் வந்து நிற்கும். பங்க் மாதவராஜின் அப்பா காலத்தது. டீசல் தொட்டியை அப்போதே பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று கருப்பண்ணன் என்னைக் கூப்பிட்டார். மோட்டாரை மேலே தூக்கிப் பிரித்தேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஊறி, உப்பி, பிய்ந்துபோயிருந்தது. தண்ணீரில் ரப்பர் அப்படி ஆகாது. கையை மோந்து பார்த்தேன். கருப்பண்ணனும் மோந்து பார்த்தார்.

"அறிவு, இது டீசல் வாசனதான?"

"ஆமாங்கண்ணா."

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். வெயில் பட்ட இடத்தில் தண்ணீர் மேல் பல நிறத்தில் படலம் மிதந்தது. மாட்டுத் தொட்டியில் ஊற்றி வைத்ததை மாடு மோந்துவிட்டுச் சீறிக்கொண்டு திரும்பிவிட்டது. காய்க்கிற பருவத்தில் நின்ற தக்காளிச் செடிகள் அந்த வாரத்திலேயே இலை பழுத்துச் சுருண்டன.

புருஷனும் பெண்டாட்டியும் மாதவராஜிடம் போனார்கள். சண்டை போடப் போகவில்லை. தொட்டியை ஒரு தடவை பாருங்க ஓனர் என்று கேட்கத்தான் போனார்கள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எந்தொட்டியில ஒரு சொட்டு கொறையல. கெணத்துல எவன் ஊத்துனானோ அவனப் போயிக் கேளுங்க."

அதோடு விட்டாரா? கருப்பண்ணனும் மெக்கானிக் அறிவழகனும் கேன் கேனாக டீசல் வாங்கிக் கிணற்றில் ஊற்றிவிட்டு நஷ்டஈடு கேட்டு வருகிறார்கள் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் கடனுக்கு டீசல் போடுகிறவர்கள். மீதிப்பேர் அவர் மண்டபத்தில் கல்யாணம் வைத்தவர்கள். கதை நன்றாகவே ஓடியது. எனக்கும் கடையில் வேலை குறைந்தது. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இருவரில் யார் சொல்வது நிஜம் என்று தெரியாவிட்டால், முனியப்பன் கோயிலில் சத்தியம் வைப்பார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, தான் சொல்வது நிஜம் என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மண்டலம் ஊரே காத்திருக்கும். அந்த மண்டலத்துக்குள் யாருக்குக் கெடுதல் வருகிறதோ, அவன் சத்தியம் பொய். பூசாரி மாதேஸ்தான் இதை எடுத்து நடத்துவார். கருப்பண்ணன் கற்பூரத்தை அணைத்தார். "நான் ஊத்தல" என்றார். மாதவராஜும் அணைத்தார். "எந்தொட்டி ஒழுவல" என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தண்ணீர் இல்லாமல் தோட்டம் காய்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? கருப்பண்ணன் தக்காளி லாரியில் லோடுமேனாகப் போக ஆரம்பித்தார். ராயக்கோட்டைப் பக்கம் ஏற்றி, சேலத்தில் இறக்கிவிட்டு வருவார். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி சாய்ந்தது. தக்காளிப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து அவரை எடுத்தார்கள். மண்டலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது.

பிணத்தை வாசலில் போட்டிருக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. சத்தியம் கொன்னுடுச்சு என்றார்கள். முனியப்பன் காட்டிட்டாரு என்றார்கள். குள்ளம்மாளைக் கட்டிப் பிடித்து அழுத பொம்பளைகளே கொஞ்சம் தள்ளிப் போய் அதைத்தான் பேசினார்கள். மாதவராஜ் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அவளிடம் சொன்னார்.

"சாமிகிட்ட வெளையாடக் கூடாதும்மா."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் நான் போயிருந்தேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"சாமியா அறிவு லாரி ஓட்டுச்சு? கெணறு நல்லா இருந்திருந்தா எம்புருசன் ஏன் லாரி ஏறப்போறாரு?"

"அதச் சொன்னா யாருக்கா கேக்குறாங்க?"

"கேக்க வேணாம். பொய் சொன்னவன் எம்புருசன் இல்லன்னு இந்த ஊரு வாயாலயே சொல்லணும். அந்தாளு ஒருநாளும் நிம்மதியாத் தூங்கக் கூடாது. அது வரைக்கும் நான் சாவமாட்டேன்."

மகள் சுமலதா ஓசூரில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். அம்மா, இங்கே வந்துவிடு என்று எவ்வளவோ கூப்பிட்டாள். குள்ளம்மாள் போகவில்லை. நிலத்தைக் கேட்டு மாதவராஜே ஆள் அனுப்பினார், மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். வந்த ஆள் திரும்பிப் போகிற வேகத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனான். காய்ந்த பூமியைக் காவல் காத்துக்கொண்டு, அடுத்தவர் தோட்டத்தில் பீன்ஸ் பறிக்கக் கூலிக்குப் போனாள். குடிக்கிற தண்ணீரைத் தெருக்குழாயில் பிடித்துத் தலையில் சுமந்து வந்தாள். குழாயடியில் யாரும் அவளோடு பேசமாட்டார்கள், பொய்ச் சத்தியம் பண்ணினவன் பெண்டாட்டி இல்லையா. அவளும் யாரோடும் பேசமாட்டாள்.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். பங்க் முன்பாதி ரோட்டுக்குப் போய்விட்டது. மாதவராஜ் பங்கைத் தள்ளி வேறு இடத்தில் வைக்க வேண்டும், பழைய தொட்டியைத் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்து மண் சுத்தமாக இருக்கிறது என்று காட்டினால்தான் புது பங்குக்கு அனுமதி. அந்த வேலையை எடுத்திருந்த கம்பெனியிலிருந்து தேவிப்பிரியா என்கிற இன்ஜினியர் வந்தாள். சின்ன வயசு, ஆனால் வேலையில் கெட்டி. யார் எவ்வளவு கத்தினாலும் காதில் வாங்காமல் தன் வேலையைப் பார்ப்பாள்.

கிரேன் வைத்துத் தொட்டியைத் தூக்கிய அன்று ஊரே திரண்டிருந்தது. குள்ளம்மாள் மண்டபத்துச் சுவர் ஓரத்தில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இப்படி ஒரு வேடிக்கையை நான் விடுவேனா? தொட்டி மேலே எழும்பி மெல்லத் திரும்பியது. அடிப்பக்கம் துரு தின்று, விரல் நுழைகிற அளவுக்கு வரிசையாக ஓட்டை. பள்ளத்து மண் கருத்துப்போய்க் கிடந்தது. அடித்த நாற்றத்தில் முன்வரிசை துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு பின்வாங்கியது.

தேவிப்பிரியா பள்ளத்தில் இறங்கி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். மேலே ஏறி வந்து மாதவராஜிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"சார், இது இன்னிக்கு நேத்து விழுந்த ஓட்டை இல்ல. பல வருஷமா ஒழுகியிருக்கு. சரிவு அந்தப் பக்கம் போகுது பாருங்க, டீசலும் அப்படித்தான் போயிருக்கும். அங்க யார் கிணறாவது இருக்கா?"

கூட்டத்தில் எல்லாரும் திரும்பிக் குள்ளம்மாளைப் பார்த்தார்கள். அவள் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, மாதவராஜை மட்டும் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்: "அப்ப ஓனர் பண்ணுன சத்தியம்?" பூசாரி மாதேஸ் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் மண்வெட்டியோடு தேவிப்பிரியாவிடம் வேலைக்குப் போய் நின்றாள்.

அந்த மண்ணைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. கெட்ட மண்ணை வெட்டி எடுத்து, அகலமான பிளாஸ்டிக் தார்ப்பாய்மேல் மெல்லிசாகப் பரப்புவார்கள். சாணமும் கொஞ்சம் யூரியாவும் கலந்து தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பார்கள். மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் டீசலைத் தின்னுமாம். அவற்றுக்குக் காற்று வேண்டும், அதனால் மண்ணைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புரட்டுகிற வேலைக்குத்தான் குள்ளம்மாள். கூலிக்கு ஆள் எடுப்பது கம்பெனி, ஆகவே மாதவராஜ் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் அவருடைய காம்பவுண்டுக்குள்ளேயே போய் நிற்பாள். ஒரு பாத்தி மண்ணைப் புரட்டுவாள். நிமிர்ந்து, மண்டபத்து ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அவரைப் பார்ப்பாள். மறுபடி குனிந்து புரட்டுவாள். ஒரு வாரத்தில் அந்த ஜன்னலுக்குத் திரை வந்தது.

"மண்டபத்துக்குப் பின்னாலயும் சுவர் வரைக்கும் தோண்டணும் சார்" என்று தேவிப்பிரியா சொல்லிப் பார்த்தாள். "சமையற்கட்டுக்கு அடியில நிறைய இருக்கு. அத எடுக்காம கிணறு தெளியாது."

"அனுமதிக்கு என்ன வேணுமோ அத மட்டும் பண்ணும்மா. பங்க் இருந்த எடம் வரைக்கும் போதும்" என்றார் மாதவராஜ். அவர் சொன்னால்தான் தோண்ட முடியும். தேவிப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தொட்டி ஒழுகியது என்று ஊருக்கே தெரிந்த பிறகும் அந்த ஆளுக்குத் திமிர் குறையவில்லை.

திமிர் தொப்பூரில் குறைந்தது. சேலத்துக்குப் போகிறபோது அவர் காரை ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. கதவு பிய்ந்துவிட்டது. அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். தொப்பூரில் யாராவது யாரையாவது இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது அந்த ரோட்டின் பிழைப்பு. ஆனால் மாதவராஜ் வெளிறிப்போய் வந்து சேர்ந்தார். தொட்டியின் ஓட்டையைப் பார்த்த நாளிலிருந்தே அவருக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்தானே அவரும். கருப்பண்ணனைச் சத்தியம் கொன்றது என்று ஊரோடு சேர்ந்து அவரும் நம்பியவர்தான்.

மறுநாள் வேலை நடக்கிற இடத்தில் நின்று மேஸ்திரியிடம் விபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் தெளிக்கப் பம்பு மாட்டப் போயிருந்தேன். குள்ளம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் பேசினாள்.

"எந்த எடத்துலீங்க?"

"தொப்பூர் எறக்கத்துல" என்றார்.

"அங்க ஒரு முனியப்பன் கோயிலு இருக்குதே, அந்த வளைவுலயா? தக்காளி லாரி சாஞ்ச எடம்?"

அவர் யோசித்தார். "அங்கதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து மண்ணைப் புரட்ட ஆரம்பித்தாள். சாயங்காலம் போகும்போது நான் கேட்டேன்.

"ஏக்கா, சாமிதான் அவுரு கார இடிச்சிதுன்னு நீயும் நம்புறியா?"

"எனக்கென்ன கிறுக்கா?" என்றாள். "அந்தாளு நம்புறான். அது போதும்."

அன்றிலிருந்து மாதவராஜுக்குத் தூக்கம் தொலைந்தது. இரண்டு சக்கர வண்டியில்கூட ஏறமாட்டார், எங்கே போனாலும் நடை. சோறு இறங்கவில்லை என்று அவர் வீட்டில் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியில் பூசாரியைப் பிடித்தார். பொய்ச் சத்தியத்தை இறக்க எங்கள் பக்கம் ஒரே வழிதான் உண்டு. சத்தியம் வைத்த அதே இடத்தில் நின்று, எல்லார் முன்னாலும் நிஜத்தைச் சொல்ல வேண்டும். கெடுதல் பட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுப்பார்கள். அதைக் குடிக்க வேண்டும். குடித்ததும் அவர்கள் 'வுட்டேன்', அதாவது உன்மேல் இருந்த வன்மத்தை விட்டேன், என்று சொல்ல வேண்டும். தண்ணீரும் சொல்லும் சேர்ந்தால்தான் சத்தியம் இறங்கும்.

மாதவராஜ் நடந்தே குள்ளம்மாள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"வரேனுங்க" என்றாள் அவள். "ஆடிப் பூசையன்னிக்கு வெச்சிக்கலாம். எல்லாரும் இருப்பாங்க."

ஆடிப் பூசைக்கு வெளியூரில் இருக்கிறவர்கள்கூட வந்துவிடுவார்கள். அதற்காகத்தான் அந்த நாளைச் சொன்னாள். கோயில் முன்னால் கூட்டம் நெரிந்தது. மாதவராஜ் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க ஓனர்" என்று நான் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.

"எந்தொட்டி ஒழுவுச்சு" என்றார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் பொய்ச் சத்தியம் பண்ணேன். கருப்பண்ணன் ஊத்தல. அறிவழகனும் ஊத்தல. கருப்பண்ணன் பண்ணதுதான் நெசமான சத்தியம்."

கூட்டத்தில் பொம்பளைகள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எல்லாம் இப்போது தரையைப் பார்த்தார்கள். குள்ளம்மாள் ஒவ்வொருவராக எல்லார் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள், யாரையும் விடவில்லை. பிறகு கொண்டுவந்திருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. சொம்புக்குள் பார்த்தார். நாற்றம் எனக்கே எட்டியது.

"இது... டீசலும்மா."

"எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிங்க. ஒரு சொட்டு கொறையலன்னீங்களே. குடிங்க."

அவர் பூசாரியைப் பார்த்தார். "வேற தண்ணி குடுத்தா ஆவாதா? பாட்டல் தண்ணி?" பூசாரி மாதேஸுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். "சும்னிரு சுவாமி" என்று வாயை மூடச் சொல்லி அதட்டினார். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான், வேறு எதுவும் செல்லாது என்றார். மாதவராஜ் மறுபடி ஒருமுறை சொம்பை உயர்த்தினார், குமட்டிக்கொண்டு வந்தது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பரவால்லீங்க" என்றாள் குள்ளம்மாள். "தண்ணி தெளிஞ்சதும் வாங்க."

அடுத்த நாள் காலையில் மாதவராஜ் தேவிப்பிரியாவைத் தேடிக்கொண்டு வந்தார். சுவரை இடி, சமையற்கட்டை இடி, எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் தோண்டு என்றார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அனுமதிக்கு அது தேவையும் இல்லை. அந்த ஆவணியில் மண்டபத்தில் வைத்திருந்த கல்யாணங்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவருடைய அம்மா பெயரில் கட்டிய சமையற்கட்டை ஹிட்டாச்சி இடித்தபோது நான் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை.

அடியில் மண் எவ்வளவு தூரத்துக்கோ கருத்துக் கிடந்தது. வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு போதும் சார் என்று தேவிப்பிரியாவே ஒரு கட்டத்தில் சொன்னாள். அவர் கேட்கவில்லை. வெட்டிய மண்ணையெல்லாம் தார்ப்பாயில் பரப்பினார்கள், குள்ளம்மாள் புரட்டினாள். கிணற்றுத் தண்ணீரை இறைத்து, மேலே மிதக்கிற டீசலைத் தனியாக வழித்து டிரம்மில் பிடித்தார்கள். அதற்குப் பம்பு போட்டது நான்தான். இறைக்க இறைக்க மறுபடி படலம் கட்டும், மறுபடி இறைப்போம். மாதவராஜ் தினமும் சாயங்காலம் வந்து கிணற்று மேட்டில் நிற்பார்.

"எப்பிடி இருக்குதும்மா?"

குள்ளம்மாள் ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பாள். "இன்னும் இருக்குதுங்க." அவ்வளவுதான். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். பொய் சொல்லவில்லை அவள். இருந்தால்தான் இருக்கிறது என்பாள்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. அடுத்த வருஷ மழையும் ஏமாற்றவில்லை. கிணறு நிறைந்து, இறைத்து, மறுபடி நிறைந்தது. படலம் மெலிந்து, திட்டுத்திட்டாகி, ஒரு நாள் இல்லாமல் போனது. தேவிப்பிரியா தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினாள். குடிக்கலாம் என்று வந்தது. குள்ளம்மாள் அதை மட்டும் நம்பவில்லை. பக்கத்துக் காட்டு மாட்டை ஓட்டிவந்து தொட்டியில் ஊற்றி வைத்தாள். மாடு தலையைக் குனிந்து கடைசிவரை குடித்தது. அதற்குப் பிறகு தானும் ஒரு சொம்பு குடித்தாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். கருப்பண்ணன் செத்த அன்று பாதியில் நிறுத்திய அழுகை அது என்று எனக்குத் தோன்றியது.

மாதவராஜுக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பூசாரி வந்தார், ஊரும் வந்தது. மனுஷன் பாதியாக இளைத்திருந்தார். குள்ளம்மாள் கிணற்றிலிருந்து சேந்தி, சொம்பை நிறைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். தண்ணீருக்குள் சொம்பின் அடி தெரிந்தது. அவர் வாங்கி மோந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தில் வழிய வழிய, ஒரு மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் காத்திருந்தோம். "சொல்லு தாயி" என்றார் பூசாரி. "வுட்டேன்னு ஒரு வார்த்த. அப்பத்தான் எறங்கும்."

அவள் சொம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை உதறினாள். மாதவராஜ் கைகூப்பினார். "எல்லாத்தையும் இடிச்சேன். கெணறு தெளிஞ்சிருச்சு. நீ சொன்னதெல்லாம் பண்ணேன். சொல்லும்மா." கூட்டத்தில் இருந்த பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். போனது போச்சு, சொல்லிடு குள்ளம்மா என்றார்கள்.

"தண்ணி குடுக்கறது என் கடம, குடுத்துட்டேன்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "ஆனா நான் உங்கள வுடலீங்க. மனசுல வுடாம வாயில மட்டும் வுட்டேன்னு சொன்னா, அதும் பொய்ச் சத்தியந்தான். எங்க வூட்ல யாரும் பொய்ச் சத்தியம் பண்ணதில்ல."

அவள் என்னைப் பார்த்து, மோட்டாரப் போடு அறிவு, நாத்து காயுது என்றாள். போட்டேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, புதிதாக நட்டிருந்த தக்காளி நாற்றில் ஏறியது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாதவராஜ் மட்டும் வரப்பிலேயே நின்றார். அவள் மடை மாற்றிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள், வந்தாள். அவரைப் போகச் சொல்லவும் இல்லை.